பனிக்காலத்தில் டீசல் வாகனம்: எழுப்புவது எப்படி, ஓட்டுவது எப்படி?



தை, மாசி மாதங்களில் நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, அக்கரப்பத்தனைப் பக்கத்துக் குளிர் எப்படிப்பட்டது என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. விடியற்காலையில் புல்லின்மேல் வெள்ளைப் பனி உறைந்து கிடக்கும். கொழுந்து கருகிப்போகும். இந்த நாட்களில் தோட்டத்து லொறியும் ட்ரெக்டரும் "எழும்ப மாட்டேன்" என்று அடம்பிடிப்பதையும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

"அது டிரைவர் அண்ணனோட வேலை, நமக்கென்ன?" என்று நினைத்துவிடாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு லயத்தில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி வந்தாலும், ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டினாலும், பல தோட்டங்களில் முதலில் தேடி ஓடுவது லொறியைத்தான். 2016 ஆம் ஆண்டு தொடங்கிய 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இன்று நாடு முழுக்க இருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் காசில்லாமல் வரும். முதலில் அதற்கு அழையுங்கள். ஆனாலும் மெயின் ரோட்டிலிருந்து பல மைல் உள்ளே இருக்கும் டிவிசன்களுக்கு அது வந்துசேர நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் தோட்டத்து வாகனம் எழும்புமா எழும்பாதா என்பது ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விசயம். ஆகவே இந்தப் பாடம் டிரைவர்மாருக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள எல்லாருக்கும்தான்.

1. டீசல் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது?

பெற்றோல் எஞ்சினில் நெருப்புப் பொறி வைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது இல்லை. பிறகு டீசல் எப்படிப் பற்றுகிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை நெருக்கி அமுக்கினால் அது சூடேறும். ஜேர்மனி நாட்டுப் பொறியியலாளர் ருடோல்ப் டீசல் இதை வைத்துத்தான் தன் எஞ்சினைச் செய்தார். அது நன்றாக ஓடிக்காட்டியது 1897 ஆம் ஆண்டில். அவருடைய பெயரையே இன்றுவரை சொல்லி வருகிறோம்.

டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் போகும் காற்றை பிஸ்டன் 15 முதல் 22 மடங்குவரை அமுக்குகிறது. அப்போது அந்தக் காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அந்த நேரம் பார்த்து இன்ஜெக்டர் டீசலைப் பூந்தூறலாகத் தெளிக்கிறது. தெளித்த உடனே தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே டீசல் எஞ்சினுக்கு நெருப்புப்பெட்டி வேறொன்றுமில்லை, சூடான காற்றுத்தான். சூடு போதாவிட்டால் எஞ்சின் எழும்பாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சப் பாடம் முழுவதும் இலேசாக விளங்கும்.

2. குளிரில் என்ன நடக்கிறது?

நான்கு காரியங்கள் ஒன்றாகச் சேர்ந்து எஞ்சினை எழும்பவிடாமல் தடுக்கின்றன.

முதலாவது, இரும்பு குளிர்ந்து கிடக்கிறது. பிஸ்டன் காற்றை அமுக்கிச் சூடாக்கினாலும், சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை இழுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, எஞ்சின் ஒயில் தடித்துப்போகிறது. குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் இறுகிப்போவதைப் பார்த்திருக்கிறீர்கள். எஞ்சின் ஒயில் அந்தளவுக்கு உறையாது. ஆனால் கெட்டியாகி எஞ்சினைச் சுற்றவிடாமல் பிடிக்கும். மெதுவாகச் சுற்றினால் அமுக்கிய காற்று பிஸ்டன் வளையங்களின் ஓரத்தால் கசிந்துபோகும். சூடு இன்னும் குறையும்.

மூன்றாவது, பற்றரி பலவீனப்படுகிறது. 27 பாகைச் சூட்டில் ஒரு பற்றரி 100 பங்கு பலம் கொடுக்கிறது என்று வைப்போம். அதே பற்றரி 0 பாகையில் ஏறக்குறைய 65 பங்குதான் கொடுக்கும். ஆனால் அந்தக் குளிரில் எஞ்சினைச் சுற்றுவதற்கு வேண்டிய பலமோ ஏறக்குறைய ஒன்றரை மடங்காகக் கூடிவிடுகிறது. வருமானம் குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் கதைதான். முதல்நாள் கொழும்புப் பக்கம் போனபோது நன்றாக வேலை செய்த பற்றரி, மறுநாள் காலை நம்ம ஊரில் "டக், டக்" என்று நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம்.

நான்காவது, நாம் உயரத்தில் இருக்கிறோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 பங்குதான். காற்று மெலிந்திருப்பதால் அமுக்கும்போது கிடைக்கும் பலமும், எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனும் குறைவு.

இதோடு இன்னொன்றும் உண்டு. டீசலுக்குள் மெழுகு கலந்திருக்கிறது. கடுங்குளிரில் அது பிரிந்து டீசல் கலங்கலாகும். பிறகு பில்டரை அடைத்துவிடும். இது பெரிய தொல்லை தருவது உறைபனி நாடுகளில்தான். இந்தியாவின் லடாக் பகுதிக்கென்றே 33 பாகை உறைநிலைக்குக் கீழேயும் ஓடக்கூடிய தனி டீசலை இந்தியன் ஒயில் நிறுவனம் 2019 ஆம் ஆண்டு கொண்டுவந்தது. நம்ம ஊரில் பனி விழுவது சில மணித்தியாலம்தான். வெயில் ஏறினால் போய்விடும். ஆகவே நமக்குப் பெரும்பாலும் தொல்லை கொடுப்பது பற்றரி, ஹீட்டர், ஒயில், டீசலில் சேர்ந்த தண்ணீர் ஆகிய நான்கும்தான்.

3. முதல்நாள் மாலையே செய்யவேண்டியவை

காலையில் வண்டி எழும்புவது முதல்நாள் மாலையில் தீர்மானமாகிவிடுகிறது என்று பழைய டிரைவர்மார் சொல்வார்கள். உண்மைதான்.

(அ) டீசல் தாங்கியை நிரப்பி வையுங்கள். பாதி வெறுமையாக இருந்தால், இரவில் தாங்கிக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து, உட்பக்கச் சுவரில் நீர்த்துளியாக வடியும். சோற்றுப்பானை மூடியில் தண்ணீர் கோர்ப்பதைப்போலத்தான். தண்ணீர் டீசலைவிடப் பாரம், அடியில் போய்த் தங்கும். அங்கிருந்துதான் பம்புக்குக் குழாய் போகிறது.

(ஆ) பில்டரின் அடியிலுள்ள வடிகால் ஆணியைத் தளர்த்தி, சேர்ந்த தண்ணீரை ஒரு போத்தலில் வடியுங்கள். சுத்தமான டீசல் வந்தவுடன் இறுக்குங்கள். பீப்பாயிலும் கேனிலும் சேமித்த டீசல் என்றால் இன்னும் கவனம். 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் டீசல் பிடித்து வைத்தோம். அப்படி வைத்த டீசலில் தண்ணீரும் துருவும் சேர்வது இலகு. ஊற்றும்போது வடிகட்டி ஊற்றுங்கள், அடிமண்டியை ஊற்றாதீர்கள்.

(இ) பற்றரித் தலைகளில் வெள்ளை, பச்சைப் பூவாகப் பூத்திருந்தால் இணைப்பைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த இளஞ்சுடு தண்ணீரால் கழுவித் துடைத்து இறுக்குங்கள். சோடாத் தண்ணீர் பற்றரிக்குள் போகக் கூடாது. பற்றரித் தண்ணீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரே ஊற்றவேண்டும், பீலித் தண்ணீர் கூடாது. பற்றரியிலிருந்து வரும் வாயு வெடிக்கும். பக்கத்தில் குப்பி விளக்கோ, பீடியோ, நெருப்புக்குச்சியோ வேண்டாம்.

(ஈ) ஒயில் மாற்றும்போது டின்னில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 15டபிள்யூ-40 என்று இருந்தால், டபிள்யூ எழுத்துக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஒயில் எவ்வளவு தடிக்கும் என்பதைச் சொல்கிறது. அந்த எண் குறையக் குறைய குளிரில் இலகுவாக ஓடும். வாகனக் கையேட்டில் சொன்ன ஒயிலையே போடுங்கள்.

(உ) ஷெட் இருந்தால் உள்ளே விடுங்கள். இல்லாவிட்டால் காற்று அடிக்காத சுவர் ஓரமாக நிறுத்துங்கள். திறந்த மேட்டைவிட அங்கே குளிர் குறைவு.

4. காலையில் எழுப்பும் முறை

முதலில் ஒயிலும் தண்ணீரும் பாருங்கள். லைட், பேன், ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பற்றரியின் பலம் முழுவதும் ஸ்டார்ட்டருக்கே போகவேண்டும்.

சாவியைத் திருப்பி ஹீட்டர் நிலையில் வையுங்கள். சுருள் கம்பிபோல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அப்போது சிலிண்டருக்குள் இருக்கும் குளோ பிளக் சூடேறுகிறது. அதன் நுனி 800 பாகைக்கும் மேல் போகும். விளக்கு அணையும்வரை பொறுங்கள். கடுங்குளிர் என்றால் சாவியை மூடி, இன்னொரு முறையும் ஹீட்டர் போடலாம். அவசரக்காரனுக்குத்தான் இங்கே நேரம் போகும்.

பேர்கின்ஸ் எஞ்சின் பூட்டிய மாசி பேர்கசன் 135 போன்ற பழைய ட்ரெக்டர்களில் குளோ பிளக் இல்லை. அதற்குப் பதிலாகத் தேர்மோஸ்டார்ட் என்ற ஒன்று இருக்கிறது. அது காற்றுப் போகும் குழாய்க்குள் சிறிது டீசலை எரித்து, உள்ளே போகும் காற்றைச் சூடாக்குகிறது. சாவியை ஹீட் நிலையில் 15 முதல் 20 செக்கன் பிடித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணவேண்டும்.

கியரை நியூட்ரலில் போட்டு, கிளச்சை முழுவதும் மிதியுங்கள். கியர்பெட்டிக்குள் தடித்த ஒயிலையும் சேர்த்துச் சுற்றும் பாரம் ஸ்டார்ட்டருக்குக் குறையும்.

ஒரு தடவையில் 10 முதல் 15 செக்கனுக்கு மேல் சுற்றாதீர்கள். எழும்பாவிட்டால் ஒரு நிமிடமாவது பொறுத்து, மறுபடி ஹீட்டர் போட்டுச் சுற்றுங்கள். விடாமல் சுற்றினால் பற்றரி சாகும், ஸ்டார்ட்டர் மோட்டரும் கருகும்.

சைலன்சரால் வரும் புகையைப் பாருங்கள். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை. ஹீட்டரைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. தாங்கி, பில்டர், எயார் பிடித்ததா என்று பாருங்கள். எழும்பிய பிறகு கறுப்புப் புகை விடாமல் வந்தால் காற்றுப் பில்டர் அடைத்திருக்கலாம். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

5. எழும்பிய பிறகு

எழும்பியவுடனே உறுமவிடாதீர்கள். தடித்த ஒயில் மேலே ஏறிச்சேரச் சில செக்கன் எடுக்கும். அதற்குள் உறுமவிட்டால் இரும்பும் இரும்பும் உரசும். டேர்போ உள்ள வாகனத்தில் இது மிகக் கெடுதல். ஒயில் விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

அதற்காக அரை மணித்தியாலம் சும்மா ஓடவிட்டு நிற்பதும் தேவையில்லை. சும்மா ஓடும் டீசல் எஞ்சின் விரைவில் சூடேறாது. சரியாக எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயிலுக்குள் இறங்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மெதுவாகப் புறப்படுங்கள். முதல் இரண்டு, மூன்று மைல் பாரம் கொடுக்காமல் ஓட்டுங்கள். எஞ்சின் ஓட்டத்தில்தான் சூடேறும்.

எயார் பிரேக் வாகனமென்றால் காற்றுமானி ஏறி, எச்சரிக்கைச் சத்தம் நின்ற பிறகே அசையவேண்டும். எயார் தாங்கியில் சேரும் தண்ணீரைத் தினமும் வடியுங்கள்.

6. செய்யவே கூடாதவை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டிலுள்ள இளைஞர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். "மேட்டுல விட்டா போதும், காலையில தள்ளிவிட்டா எழும்பிரும்" என்பது நம்ம பக்கத்துப் பழக்கம். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவி கிடையாது. ஒன்று, இரண்டு மிதியோடு பிரேக் கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்டேரிங்கும் பாரமாகிவிடும். எழும்பாத லொறி, ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமான தோட்டத்து ரோட்டில் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் தள்ளியவர்களும் தப்பமாட்டார்கள். அதேபோல், டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓட்டுவதும் தற்கொலைக்குச் சமம்.

ஒயில் தொட்டிக்கு அடியில் விறகு மூட்டாதீர்கள். காற்றுக் குழாயில் தீப்பந்தம் பிடிக்காதீர்கள். கசிந்த டீசலும் பழைய வயரும் ஒரு நொடியில் பற்றும்.

ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஹீட்டர் உள்ள எஞ்சினில் அது குழாய்க்குள்ளேயே வெடிக்கும். பிஸ்டனும் உடையலாம், முகமும் கருகலாம்.

மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். டீசல் பம்புக்குள் உள்ள நுட்பமான பாகங்களுக்கு டீசலே ஒயிலாகவும் இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புக் குறைவு. பம்பு தேய்ந்தால் மிச்சம் பிடித்த காசுக்குப் பல மடங்கு செலவாகும்.

பனி பிடித்த முன்கண்ணாடியிலும், குளிர்ந்த இரும்பிலும் கொதிநீர் ஊற்றாதீர்கள். விரிந்துவிடும்.

மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கதவைப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, வண்டிக்குள் தூங்கவும் வேண்டாம். புகையிலுள்ள காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை சுற்றும், தூக்கம் வரும், பிறகு எழும்பமாட்டோம்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. குளிர் காலையில் சின்னப் பிள்ளைகள் சைலன்சர் பக்கத்தில் நின்று குளிர்காய்வதைப் பல இடங்களில் காணலாம். அந்தச் சூடு நல்லாத்தான் இருக்கும். ஆனால் டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012 ஆம் ஆண்டில் உறுதியாக அறிவித்திருக்கிறது. இழுப்பு உள்ள பிள்ளைக்கு அன்றைக்கே தொல்லை கொடுக்கும். கையைப் பிடித்துத் தூர இழுத்து விடுங்கள். பின்னோக்கி வரும் லொறியின் டிரைவருக்குச் சின்னப் பிள்ளை கண்ணில் படாது என்பதையும் மறக்கவேண்டாம்.

7. பற்றரி செத்துவிட்டால்

இன்னொரு வாகனத்திலிருந்து கேபிள் போட்டு எழுப்பலாம். இரண்டும் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டு வாகனமும் ஒன்றோடொன்று முட்டக் கூடாது.

சிவப்புக் கேபிளைச் செத்த பற்றரியின் கூட்டல் தலையில் பூட்டுங்கள். அதன் மறுமுனையை நல்ல பற்றரியின் கூட்டல் தலையில் பூட்டுங்கள். கறுப்புக் கேபிளை நல்ல பற்றரியின் கழித்தல் தலையில் பூட்டுங்கள். அதன் மறுமுனையைச் செத்த வாகனத்து எஞ்சினின் வெறும் இரும்பில், பற்றரிக்குத் தூரமாகப் பூட்டுங்கள். பொறி பறந்தாலும் பற்றரி வாயுவில் படாது. எழும்பிய பிறகு பூட்டிய ஒழுங்குக்குத் தலைகீழாகக் கழற்றுங்கள்.

8. மூடுபனியில் ஓட்டும்போது

மூடுபனியில் பெரிய வெளிச்சம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். தாழ்ந்த வெளிச்சம் போடுங்கள். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கும் சூடேறாது.

இன்னொன்று, நம்ம உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். குளிரான ஊர்தானே என்று றேடியேட்டரை மறந்தால், பாரத்தோடு ஏறும்போது கொதித்துப் பொங்கும். மூடி நல்லதாக இருக்கவேண்டும். வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் கலந்தால் துருவும் பிடிக்காது, கொதிநிலையும் கூடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

9. குடும்பங்கள் செய்யக்கூடியது

கர்ப்பிணித் தாய் உள்ள வீட்டார், பிரசவ நாள் நெருங்கும்போதே டிரைவருக்கும் தோட்டத்து மருத்துவிச்சிக்கும் சொல்லி வையுங்கள். "அண்ணே, இந்த வாரம் எப்பவும் வரலாம், வண்டிய ரெடியா வச்சிருங்க" என்று ஒரு வார்த்தை போதும். அவர் தாங்கியை நிரப்பி, பற்றரியைப் பார்த்து வைப்பார். வலி தொடங்கியவுடனேயே ஆள் அனுப்புங்கள். தாயை நடத்திக் கூட்டிவரும் பத்து நிமிடத்தில் எஞ்சின் எழும்பிச் சூடேறிவிடும். 1990 க்கு அழைத்தால், தோட்டத்துப் பெயரோடு டிவிசன் பெயரையும், திரும்பவேண்டிய சந்தியையும் சொல்லுங்கள். ஒரு ஆளை டோர்ச்சுடன் சந்தியில் நிறுத்துங்கள்.

பாடம் விளங்கியதா?

பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். விடை எல்லாம் மேலேயே இருக்கிறது.

1. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் டீசல் எப்படிப் பற்றுகிறது?
2. மாலையில் தாங்கியை ஏன் நிரப்பி வைக்கவேண்டும்?
3. வெள்ளைப் புகை வந்தால் எதைப் பார்க்கவேண்டும்? புகையே வராவிட்டால் எதைப் பார்க்கவேண்டும்?
4. உருட்டி ஸ்டார்ட் பண்ணுவதில் என்ன ஆபத்து?
5. கறுப்புக் கேபிளின் கடைசி முனையை ஏன் பற்றரியில் பூட்டக் கூடாது?

ஐந்துக்கும் விடை சொல்லும் பிள்ளைக்கு மோட்டார் வேலையில் ஆசை இருந்தால் அதை அணைத்துவிடாதீர்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையிலும், நைற்றா நிறுவனத்திலும் வாகனத் திருத்த வேலைக்குப் பயிற்சி உண்டு. பெண்பிள்ளைகளும் சேரலாம். லொறி ஷெட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளை நாளைக்கு அதே ஷெட்டில் மெக்கானிக்காக நிற்கட்டும்.